ஓசையின்றி உழைக்கும் வால்வுப் பெட்டி

வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதன் சுபாவம் நினைவிருக்கும். குமிழைத் திருகியவுடன் அது பேசிவிடாது. உள்ளே வால்வுகள் செந்தணலாய்ச் சூடேறிய பின்னரே குரல் எழும். ரேடியோக்களை விட்டு வால்வுகள் நீங்கி நெடுங்காலமாயிற்று. கிதார் வாசிப்போர் மட்டும் இன்றும் அவற்றைக் கைவிடவில்லை.

அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969-ஆம் ஆண்டில் பாஸ் கிதாருக்கென்றே 'எஸ்.வி.டி.' என்னும் ஆம்ப்ளிபையரை உருவாக்கியது. 14 வால்வுகள்; 300 வாட் ஆற்றல்; ஸ்பீக்கர் பெட்டி நீங்கலாகவே ஏறக்குறைய 40 கிலோ எடை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அவ்வாண்டு அமெரிக்காவில் நடத்திய இசைப் பயணத்திலேயே அது மேடையேறிவிட்டது. பேரரங்குகளை நிரப்பப் பிறந்த அக்கருவியை இன்று வீட்டு அறையில் வைத்து ஒலிப்பதிவு செய்ய விரும்புவோர் இருக்கின்றனர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒலியைக் குறைத்து வாசித்தாலென்ன என்று கேட்பீர்கள். வாசிக்கலாம், ஆனால் அவர்கள் நாடும் நாதம் வாராது. கடைநிலை வால்வுகளை எல்லைவரை உழைக்கவிடும்போதுதான் ஒலியலையின் முகடுகள் மழுங்கி, இனிய கரகரப்பும் கனமும் சேர்கின்றன. சுவரில் கம்பளம் தொங்கவிட்டும் பயனில்லை. பாஸ் கிதாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். கம்பளம் அதற்கு ஒரு தடையே அன்று. அடுத்த வீட்டுத் தொட்டிற்குழந்தை விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால்? இதைவிடக் கேடான யோசனை வேறில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர்கள் பொதுவாக இதனைத் தாங்கிக்கொள்ளும். வால்வு ஆம்ப்ளிபையர் தாங்காது. வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. ஸ்பீக்கர் இல்லையேல், அதன் இரும்பு மையத்தில் சேரும் காந்த ஆற்றல் செலவாக வழியின்றி, மின்னழுத்தமாகத் திரும்பிப் பாயும். அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து கம்பிச்சுற்றின் காப்பைத் துளைத்துவிடக்கூடும். அவ்வளவில் டிரான்ஸ்பார்மர் பாழ். வால்வுகளும் உடன் போகலாம்.

ஆகவே ஸ்பீக்கரை எடுத்தால், அதன் இடத்தில் அதே சுமையை வைத்தாக வேண்டும். அதுவே 'டம்மி லோடு' எனப்படும் பொய்ச்சுமை. எளிய வகையில் அது ஒரு பெரிய மின்தடை, அவ்வளவே. 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பதிலாக 4 ஓம் மின்தடை. ஒலியாக வேண்டிய ஆற்றல் அங்கே வெப்பமாகிறது. 300 வாட் வெப்பம் விளையாட்டன்று. சிறிய இஸ்திரிப் பெட்டி போலக் கொதிக்கும். உச்சத்தில் முடுக்கிய ஆம்ப்ளிபையர் தன் கணக்குக்கு மேலும் ஆற்றலை வெளியிடும். ஆதலால், என் கருத்தில், 600 வாட் தாங்கும் சுமையே தக்கது, காற்றோட்டமும் வேண்டும். பாயும் மின்னோட்டம் 9 ஆம்பியரை நெருங்குவதால், கிதாரின் மெல்லிய வயரை இங்கே செருகலாகாது. தடித்த ஸ்பீக்கர் வயரே வேண்டும்.

அம்முனையில் நிற்பது ஏறத்தாழ 35 வோல்ட். பதிவுக் கருவிக்கு ஒரு வோல்ட் அளவே போதும். அதனால் சுமைப்பெட்டியினுள் சிறு கூறு ஒன்றைப் பிரித்துத் தனி முனையில் தருகிறார்கள்.

ஆயினும் மின்தடை, ஸ்பீக்கர் ஆகிவிடாது. ஸ்பீக்கரின் தடை எல்லாச் சுருதிக்கும் ஒன்றாய் இராது. தன் இயல்பான அதிர்வெண்ணில் பன்மடங்கு உயரும், மேற்சுருதிகளிலும் ஏறிச்செல்லும். வால்வுகள் அதை உணர்ந்து நடப்பவை. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்த்து அவ்வேற்றத்தாழ்வைப் போலிசெய்யும் சுமைகளும் உண்டு, விலை கூடுதல். மேலும், ஸ்பீக்கர் பெட்டி கூர்மையான மேலொலிகளைத் தானே வடிகட்டிவிடும். அந்த வடிகட்டல் இன்றி எடுத்த பதிவு தகரத்தைக் கீறினாற்போல் இருக்கும். முன்னரே பதிந்துவைத்த ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தடத்தைக் கணினி வழியே ஏற்றி இதனைச் சரிசெய்கின்றனர்.

இத்தனை பாடு அவசியமா? கரகரப்பற்ற தெளிந்த வாசிப்புக்கு அவசியமில்லை என்பேன். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பதிவகத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் பாஸ் கிதாரை நேரே பதிவுமேடையில் இணைத்து வாசித்தவர்; 1960-களின் அப்பாடல்களுக்கு என்ன குறை?

எஸ்.வி.டி.யின் நாதமேதான் வேண்டுமென்போர் ஒன்றைக் கவனிக்கட்டும். ஓசை இல்லாமையால் பெட்டி உறங்குவதாக எண்ணிவிடலாகாது. உள்ளே 600 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். வீட்டுப் பிள்ளைகள் மூடியைத் திறக்கத் துணிய வேண்டாம். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. அமைதியான அறையில் காது கொடுத்துக் கேட்டால், டிரான்ஸ்பார்மரின் இரும்பே அதிர்ந்து, வாசிக்கும் மெட்டைக் கொசுவின் ரீங்காரம்போல் முனகுவது சில வேளைகளில் கேட்கும்.