கோபாலும் பைத்தானும்

கோபால் என்று தமிழில் எழுதினால் ஆள் பெயர் போலத்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "கோபாலோடு மல்லுக்கட்டி நேரமாகிவிட்டது" என்றேன். "அந்தப் பையனை ஒருநாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாயேன்" என்றார் அம்மா. 1959இல் உருவாக்கத் தொடங்கிய, கணக்குவழக்குக்கான அந்தக் கணினி மொழிதான் முப்பது வருடம் எனக்குச் சோறு போட்டது.

போன மாதம் பைத்தானில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த பேத்தி, "தாத்தா, உங்க கோபால் எல்லாம் செத்துப்போன மொழி" என்றாள். சுருக்கென்றது. "0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லு பார்ப்போம்" என்றேன். திரையில் 0.30000000000000004 என்று வந்தது. திருதிருவென்று விழித்தாள். பைத்தான் சாதாரணமாகப் பின்னங்களை இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்கிறது. 0.1 அதில் மிச்சமில்லாமல் அடங்காது. கோபாலில் ரூபாய்க்கு இத்தனை இலக்கம், பைசாவுக்கு இரண்டு என்று முதலிலேயே எழுதிவிடுவோம். பைசா பைசாவாகவே இருக்கும். பைத்தானிலும் அதற்கு டெசிமல் என்று தனியாக ஒன்று உண்டு. அவள் அதுவரை தேடியதில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. காபி மட்டும் காரணமில்லை.

1980களின் பிற்பகுதி. ஒரு தொழிற்சாலைக்கு உதிரிபாகக் கணக்கு. இயந்திரத்துக்குள் பாகங்கள், பாகத்துக்குள் சின்னப் பாகங்கள், அதற்குள்ளும் பாகங்கள். கடைசியில் எத்தனை போல்ட் வாங்க வேண்டும் என்று தெரிய வேண்டும். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பாஸ்கல் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஒரு பாகத்தைப் பிரிக்கும் நிரல், உள்ளே இருப்பதைப் பிரிக்கத் தன்னையே மறுபடி அழைத்துக்கொள்ளும். எங்கள் கோபாலில் அப்போது அதற்கு வழியில்லை. அதனால் எனக்கு அது கண்கட்டு வித்தையாகப் பட்டது. "காலேஜ் பாடமெல்லாம் இங்கே வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுக்குக்கு ஒரு பத்தியாக ஐந்து அடுக்குக்கு நானே எழுதினேன். ஆறு அடுக்குள்ள இயந்திரம் ஒன்று வந்தது. என் நிரல், பிழை என்றுகூடச் சொல்லாமல் கடைசி அடுக்கை விட்டுவிட்டது. சாமான் பற்றாமல் அங்கே வேலை நின்றது. நான் என்ன செய்தேன்? ஏழு அடுக்காக்கினேன்! அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

புது மொழி படிக்கும்போது பழையதைச் செருப்பு மாதிரி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது என் கட்சி. நம் வயதுக்காரர்களுக்கும் சரி, பேத்திகளுக்கும் சரி. ஒரே மொழி தெரிந்தவருக்கு அதில் சொல்ல முடியாததெல்லாம் தேவையில்லாததாகவே தோன்றும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற மேதையே, கோபால் சொல்லிக்கொடுப்பதைக் குற்றமாகக் கருத வேண்டும் என்று 1975இல் எழுதியவர். அவர் பைசாக் கணக்கு பார்த்ததில்லை போலும்.

நான் முதலில் எழுதிய பைத்தானைப் பார்த்து, "இது வேஷம் போட்ட கோபால், தாத்தா" என்று பேத்தி சிரித்தாள். உண்மைதான். போன வாரம் அந்த உதிரிபாகக் கணக்கையே மறுபடி எடுத்து, தன்னைத்தானே அழைக்கும் விதத்தில் எழுதிப் பார்த்தேன். பதினோரு வரி. எட்டு அடுக்கு கொடுத்தும் சரியாக வந்தது.

அந்தத் தம்பிக்கு இப்போது அறுபதை ஒட்டி இருக்கும். இது கண்ணில் பட்டால், நீங்கள் எழுதியதுதான் சரி, தம்பி.