தேர்வாகாத ஆட்டக்காரர்

மாவட்டக் கோஷ்டிக்குப் பையன் தேர்வாகவில்லையென்றால், புதுக்கோட்டையில் அநேக வீடுகளில் அன்றே கிரிக்கெட் மட்டை பரண்மேல் ஏறிவிடுகிறது. "இனியாவது புஸ்தகத்தை எடு" என்கிறார் தகப்பனார். புஸ்தகத்தை எடுக்கச் சொல்வதை உபாத்தியாயராகிய நாம் ஆட்சேபிப்பதற்கில்லை. ஆனால், தேர்வாகாதவன் ஆடியதெல்லாம் வீண் என்று அவர் தீர்ப்புச் சொல்லும்போதுதான் நமக்கு ஏ. ஜி. ராம்சிங்கின் ஞாபகம் வருகிறது.

அமிர்தசரஸைப் பூர்விகமாகக் கொண்ட சீக்கியக் குடும்பத்தவர் அவர். ஆயினும் ஆடியது சென்னைக்காக. 1934 நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் நடந்தது; எதிரணி மைசூர். எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். இடது கைச் சுழற்பந்து வீச்சாளரான ராம்சிங் 35 ஓட்டங்களே கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னை வென்றது! ரஞ்சிப் பந்தயங்களில் 1,000 ஓட்டங்களும் 100 விக்கெட்டுகளும் முதன்முதல் சேர்த்தவரும் இவரே.

1936-ல் இங்கிலாந்து சென்ற கோஷ்டியில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது, ராம்சிங்குக்குக் கிடைக்கவில்லை. பிறகு 1946 வரையில், யுத்தமும் குறுக்கிடவே, இந்தியா ஒரு டெஸ்ட் பந்தயமும் ஆடவில்லை. 1910-ல் பிறந்தவருக்கு அவை இருபத்தாறு முதல் முப்பத்தாறு வயது வரையுள்ள வருஷங்கள். கை தேர்ந்திருந்தது, களந்தான் இல்லை. 1946 கோஷ்டியிலும் அவர் பெயர் காணோம். இதற்கு ஆட்டக்காரரைக் குறை சொல்வதா, காலத்தைக் குறை சொல்வதா?

டெஸ்ட் ஆடாத அந்தத் தந்தையின் குமாரர் கிருபால் சிங், 1955-ல் ஹைதராபாத்தில் நியூஸிலாந்துக்கு எதிரே தமது முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் எடுத்தார். இளையவர் மில்கா சிங்கும் பின்னர் இந்தியாவுக்கு ஆடினார். பிறர் பிள்ளைகளுக்கும் ராம்சிங் பயிற்சி அளித்தார். 1999-ல் காலமானார்.

தேசத்துக்காக ஆடுபவர் பதினொருவர். அவர்களுக்கு எதிரே பந்து வீசியும், அவர்கள் வீசிய பந்தை அடித்தும், அவர்களைத் தேற்றிவிட்டவர்கள் எத்தனையோ பேர். பத்திரிகையில் பெயர் வந்தவரை மட்டும் கணக்கிட்டால், பயிரைப் பார்த்து வேரை மறந்த கதைதான்.

ஆகையால் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள், ஞாயிறு மாலையில் பையனை மைதானத்துக்கும் அனுப்புங்கள். அவன் வீசும் பந்தினால் தேறப்போகிறவன் அடுத்த தெருப் பையனாகவும் இருக்கலாமல்லவா?