கல்விக்குக் கட்டுப்பாடு எதுவரை?

கூட்டுறவுக் கல்வி வகுப்பறையை விட்டுக் கைப்பேசிக்கு வந்துவிட்டது. கணக்கெழுதும் முறை, சாயமேற்றும் முறை, விதை நேர்த்தி, பயிர்ப் பாதுகாப்பு முதலிய பாடங்களை எழுத்தாகவும் படமாகவும் அமைத்து, இணையத்தின் வழியே அங்கத்தினருக்கு அளிப்பது இன்று எளிதாகிவிட்டது. இது வரவேற்கத்தக்க மாறுதலே. மூன்று நாள் வகுப்பிற்காகத் தறியை நிறுத்திவிட்டுப் பட்டணம் போக வேண்டியிருந்த நெசவாளி, இன்று இரவு உணவுக்குப் பின் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே படிக்கலாம். ஆயினும், இந்த ஏற்பாட்டினுள் சந்தடியின்றிப் புகுந்திருக்கும் ஒரு வழக்கத்தைக் குறித்துச் சங்கத்தார் சிந்திப்பது அவசியம். படிக்க வருபவரின் விவரங்களைக் கொண்டு, இன்னாருக்கு இன்ன பாடம் உண்டு, இன்னாருக்கு இல்லை என்று இயந்திரமே தீர்மானிக்கும் வழக்கம் அது.

முதலில் அதன் இயல்பை அறிவோம். இணையப் பாடங்களை நடத்தப் பல மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் பெரிதும் வழங்குவது மூடில் என்பது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டுகியாமாஸ் என்பவர் தொடங்கியது. அதன் முதற் பதிப்பு 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பதாலும், யாரும் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதாலும் பல்கலைக்கழகம் முதல் சிறிய பயிற்சி நிலையம் வரை பலரும் அதைக் கைக்கொண்டிருக்கின்றனர். அதில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு விவரப் பத்திரம் உண்டு. பெயர், ஊர், நாடு, நிறுவனம், துறை என்ற கட்டங்கள் அதில் முன்பே அமைந்திருக்கும். சங்க எண், தறியின் வகை, நிலத்தின் அளவு போன்ற வேறு கட்டங்களையும் நிர்வாகி சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஒரு பாடத்துக்கு, 'இந்தக் கட்டத்தில் இந்தச் சொல் இருந்தால் மட்டுமே திறக்க' என்று விதி வகுக்கலாம். சொல் முழுவதும் ஒத்திருக்க வேண்டும் என்றோ, அதை உட்கொண்டிருந்தால் போதும் என்றோ, கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது என்றோ விதிக்கலாம். இத்தகைய விதிகள் பலவற்றை ஒன்றாகப் பிணைக்கவும் இயலும்.

இம்முறையால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. குழித்தறியில் பருத்திச் சேலை நெய்பவருக்கும், ஜக்கார்டு பூட்டிய தறியில் கோர்வைப் பட்டு நெய்பவருக்கும் வேண்டிய பாடங்கள் வேறு. காவிரிப் பாசனத்தில் சம்பா பயிரிடுபவர்க்கு உரியதைக் கரிசல் நிலத்துப் பருத்தி விவசாயியின் முன் குவித்தால், அவர் தமக்கு வேண்டியதைத் தேடி அலுத்து, கைப்பேசியை மூடிவிடுவார். ஆகவே அவரவர்க்கு உரியதை முன்னே எடுத்து வைப்பது உபகாரமே. தேர்வுக்குரிய வினாத்தாள், இன்னும் சந்தைக்கு வராத புதிய சேலை மாதிரி, அங்கத்தினரின் கடன் கணக்கு ஆகியவற்றைப் பூட்டி வைப்பதும் கடமையே. தரம் பிரித்து வைப்பது வேறு. தடுத்து வைப்பது வேறு. நம் வழக்கு இரண்டாவதைப் பற்றியது.

ஒரு சங்கம் சாயமேற்றுதல் குறித்து நல்லதொரு பாடத்தை வைத்திருப்பதாகக் கொள்வோம். சங்க அங்கத்தினர் எண் என்ற கட்டம் நிரம்பியிருந்தால்தான் அது திறக்கும் என்பது விதி. பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் நெசவாளர் வீட்டுக்குள் சென்று பார்த்தால் நிலைமை வேறு. அங்கத்தினர் எண் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயரில் இருக்கும். நூலுக்குச் சாயம் தோய்ப்பதும், தார் சுற்றுவதும், பாவுக்குக் கஞ்சி போடுவதும் பல வீடுகளில் பெண்களின் வேலை. தறியில் அமர்ந்து நெய்பவர்களிலும் பெண்களே மிகுதி. 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். சாயத் தொட்டியில் கை வைப்பவர் ஒருவர். சாயப் பாடத்தைப் படிக்க உரிமை பெற்றவர் மற்றொருவர். பொய் எதுவும் எழுதப்படவில்லை. எனினும் முடிவு தவறாகிவிடுகிறது. கட்டம் காட்டுவது ஏட்டிலுள்ள உறவை, தொழிலை அன்று.

விவசாயிகளின் நிலையும் இத்தகையதே. பட்டா எண்ணைக் கேட்கும் கட்டம் குத்தகைக்குப் பயிரிடுபவரை வெளியே நிறுத்திவிடும். நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே உரியதாக அமைந்த பி.எம். கிஸான் உதவித் திட்டத்தில் குத்தகைதாரர்களுக்கு இடமில்லாமற் போனதை நாம் அறிவோம். பண உதவிக்கு அத்தகைய எல்லை வேண்டுமா என்பது தனி விவாதம். அதே எல்லையைப் பாடத்துக்கும் இட்டால் கேடு பெரிது. பூச்சிமருந்து டப்பாவின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ணக் குறிகள் அச்சிடப்படுகின்றன. சிவப்பு மிகக் கொடியது, பச்சை குறைந்தது. இதனைத் தெரிந்திருக்க வேண்டியவர் யார்? தெளிப்பானை முதுகில் சுமந்து வயலில் இறங்குபவர் அல்லவா? அவர் பெரும்பாலும் கூலி ஆள். அவரிடம் பட்டாவும் இல்லை, சிட்டாவும் இல்லை. நிலமுடையவர் படித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்க, படிக்காதவர் நஞ்சைச் சுவாசிப்பார். உயிருக்கும் உடலுக்கும் ஊறு வாராமற் காக்கும் பாடம் எதற்கும் எந்தக் கட்டமும் காவலாக இருத்தல் ஆகாது.

மேலும், இயந்திரம் சொல்லைப் பார்க்குமே தவிரப் பொருளைப் பார்க்காது. ஒருவர் தம் ஊரைக் காஞ்சிபுரம் என்று எழுதுவார்; மற்றொருவர் காஞ்சீபுரம் என்பார்; மூன்றாமவர் காஞ்சி என்று நிறுத்துவார். திருச்சி, திருச்சிராப்பள்ளி, தஞ்சை, தஞ்சாவூர் என இவ்வாறே பல. நமக்கு எல்லாம் ஒன்றே. முழுச் சொல்லும் ஒத்திருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட இயந்திரத்துக்கோ அவை வெவ்வேறு ஊர்கள். ஓர் எழுத்துப் பிசகினால் பாடம் திறவாது. கட்டத்தை நிரப்பாமல் விட்டவர் கதியும் அதுவே. எழுத்துப் பழக்கம் குறைந்தவரே இப்பிசகுகளை அதிகம் செய்வர். கல்வி அதிகம் தேவைப்படுபவரும் அவரே.

இவை யாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. பூட்டிய பாடத்தை இரண்டு விதமாகக் காட்டலாம். பாடத்தின் தலைப்பை மங்கலாகக் காட்டி, இன்ன காரணத்தால் உமக்குத் திறக்கவில்லை என்று எழுதி வைக்கலாம். அல்லது பாடம் இருப்பதையே அடியோடு மறைத்துவிடலாம். மூடிலில் கண் போன்ற ஒரு சிறு குறியைத் தொட்டால் போதும்; முதல் விதம் இரண்டாம் விதமாகிவிடும். கதவு பூட்டியிருந்தால் தட்டலாம், காரியதரிசியிடம் முறையிடலாம், பொதுச் சபையில் எழுந்து கேட்கலாம். கதவு இருப்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? அவருடைய மௌனத்தைத் திருப்தி என்று நிர்வாகம் எண்ணிக்கொள்ளும். பூட்டியவர்க்கும் இது தெரிவதில்லை. ஏனெனில், ஆசிரியரும் நிர்வாகியும் உள்ளே நுழையும்போது அவர்கட்கு எல்லாப் பாடங்களும் திறந்தே இருக்கும்படி அமைப்பு உள்ளது. தடையை விதித்தவர் தடையைக் காண்பதே இல்லை.

இனி, இம்முறைக்குச் சாதகமாகச் சொல்லப்படும் காரணங்களைப் பார்ப்போம். 'அங்கத்தினர் பணத்தில் ஆக்கிய பாடம் அங்கத்தினருக்கே உரியது' என்பர். நூலுக்கும் உரத்துக்கும் இவ்வாதம் முற்றும் பொருந்தும். ஒரு கட்டு நூலை ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை. பாடம் அத்தகையதன்று. நூறு பேர் படித்த பின்னும் நூற்றோராவது நபருக்கு அது குறையாமல் இருக்கும். அன்றியும், சாயத்தை ஒழுங்காகக் கையாளக் கற்ற அண்டை வீட்டாரால் சங்கத்தின் சரக்குக்கும் ஊரின் கிணற்றுக்கும் நன்மையே தவிர நஷ்டமில்லை.

'உதவித் தொகை தருவோர் பயனாளிகளின் கணக்கைக் கேட்கின்றனர்' என்பது மற்றொரு காரணம். கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். சான்றிதழ், பயிற்சிப் படி, கருவி மானியம் ஆகியவற்றைத் தகுதியுடையோருக்கு மட்டும் வழங்கி, அவர்களுடைய கணக்கைக் கொடுக்கலாம். அதற்காகப் பாடத்தையே பூட்டுவானேன்? பணத்துக்கு இட்ட வேலி பணத்தோடு நிற்கட்டும்.

'தகுதியற்றோர் நுழையாமற் காக்க வேறு வழியில்லை' என்றும் சிலர் கூறுவர். இக்கட்டங்கள் அவ்வளவு உறுதியான காவலும் அல்ல. நிர்வாகி தனியே பூட்டி வைத்தாலன்றி, பல கட்டங்களைப் பயனரே திருத்திக்கொள்ள முடியும். பாடம் வேண்டும் என்பவர் கட்டத்தில் வேண்டிய சொல்லை எழுதி உள்ளே வந்துவிடுவார். உள்ளதை உள்ளபடி எழுதிய நாணயமானவர் வெளியே நிற்பார். நாணயத்துக்குத் தண்டனையும் பொய்க்குப் பரிசும் அளிக்கும் ஏற்பாடு கூட்டுறவுக்கு அடுக்குமா? சரி, அலுவலகமே கட்டத்தைப் பூட்டிவிட்டது என்போம். அப்போது பிழையைத் திருத்தும் பொறுப்பு முழுதும் அலுவலகத்தின் தலையில் விழும். அதற்கென ஓர் ஆளையும் ஒரு கெடுவையும் குறிக்காத சங்கம் அப்பூட்டைப் பூட்டத் தகுதியுடையதன்று.

கட்டங்கள் பெருகுவதிலும் அபாயம் உண்டு. பூட்டுவதற்காகவே வருமானம், சாதி, கடன், நில அளவு என்று கேட்டுச் சேர்க்கத் தோன்றும். ஒருமுறை சேர்த்த விவரம் எத்தனை கைகளுக்குப் போகும் என்பதை யார் அறிவார்? 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சம்மதத்தின் பேரில் பெறும் விவரம், சொல்லப்பட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்கிறது. நெல் நாற்றங்காலைப் பற்றிப் படிக்க வந்தவரிடம் சாதியைக் கேட்பது எந்த நோக்கத்துக்குத் தேவை?

நிற்க. கூட்டுறவின் பிறப்பையே நாம் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டில் சங்கம் கண்ட 28 பேரில் நெசவாளர் பலர் இருந்தனர். வெண்ணெய்க்கும் மாவுக்கும் கடை வைத்த அவர்கள், பத்தாண்டுகளுக்குள் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கி, வாசகசாலையும் நடத்தினர். 1995-ல் மான்செஸ்டரில் சர்வதேசக் கூட்டுறவு இயக்கம் வகுத்த ஏழு கொள்கைகளில் முதலாவது, ஆண் பெண் பேதமின்றியும் சமூக, இன, அரசியல், மத வேறுபாடின்றியும் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது. ஐந்தாவது, அங்கத்தினர்க்கும் ஊழியர்க்கும் கல்வியளிப்பதோடு, பொதுமக்களுக்கும், சிறப்பாக இளைஞர்களுக்கும் கூட்டுறவைப் பற்றி எடுத்துரைக்க வேண்டும் என்பது. அங்கத்தினராகாதவரை அறிவினின்றும் விலக்கி வைத்துவிட்டு, நாளை அவர் அங்கத்தினராக வருவார் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

ஆகவே சங்கத்தார்க்கும் பயிற்சி நிலையத்தார்க்கும் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கின்றோம். பாடம் திறந்திருப்பதே பொது விதியாகவும், பூட்டுவது காரணம் காட்ட வேண்டிய விலக்காகவும் இருக்கட்டும். பூட்டியதை மறைக்காமல், காரணத்தோடும் யாரை அணுகுவது என்ற குறிப்போடும் தமிழில் காட்டுக. ஊர், தொழில் முதலியவற்றை எழுதச் சொல்லாமல் பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கச் செய்க. அங்கத்தினர் என்பதோடு, அங்கத்தினர் வீட்டில் தொழில் செய்பவர், குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் என்பனவும் அப்பட்டியலில் இருக்கட்டும். பிழை என்று ஒருவர் தெரிவித்தால் ஒரு வாரத்துக்குள் திருத்துக. பாடத்தை வெளியிடுமுன், கற்பனையாகச் சில பயனர்களைப் பதிவு செய்து, கட்டங்களை வெவ்வேறு விதமாக நிரப்பியும் வெறுமையாக விட்டும், அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்க்க. ஒவ்வொரு பூட்டும் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் ஏறட்டும். ஆண்டுக்கொருமுறை பொதுச் சபையின் முன் அப்பட்டியல் படிக்கப்படட்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் செலவில்லை. பண்டகசாலைச் சாவியை யார் வைத்திருக்கிறார் என்று ஒவ்வொரு சங்கமும் கணக்கு வைத்திருக்கிறது. பாடசாலைச் சாவிக்கும் அத்தகைய கணக்கு வேண்டும். வரும் பொதுச் சபைக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் இக்கேள்வியை எழுப்புவார்களாக: நம் சங்கத்தின் பாடங்களில் பூட்டியவை எவை, யாருக்கு, எந்தக் காரணத்தால்?