அந்தமான் பயணமும் வீட்டுப் பெரியவரும்

கடந்த சில ஆண்டுகளாக எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கின்றோம். “அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு டாக்டர், அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?” மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அனல்மின் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் குடும்பங்களுக்கு நீண்ட விடுப்பு எளிதில் வாய்ப்பதில்லை. ஷிப்டு முறை ஒத்துவர வேண்டும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை பொருந்த வேண்டும். மத்திய அரசு ஊழியர் எனில் எல்.டி.சி. காலக்கெடுவையும் பார்க்க வேண்டும். இவை யாவும் கூடிவரும் நாளில் குறைந்த கட்டணத்தில் விமானச் சீட்டு கிடைத்ததும் பதிவு செய்துவிடுகின்றனர். மருத்துவரிடம் கேட்பது அதற்குப் பின்னரே நிகழ்கின்றது. பல வேளைகளில் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர்.

அந்த நேரத்தில் மருத்துவர் தரக்கூடிய விடைகள் இரண்டே. “வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்” என்பது ஒன்று. “மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு போய் வரட்டும்” என்பது மற்றொன்று. முதல் விடை மருத்துவருக்குப் பாதுகாப்பானது. இரண்டாவது குடும்பத்திற்கு மகிழ்ச்சி தருவது. நோயாளிக்கு இரண்டாலும் பெரிய பயன் இல்லை. நாட்பட்ட நோய் உடையவர்களில் பெரும்பாலோர் தீவுப் பயணம் செய்யலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் பயணத்தின் காலம், வழி, தங்குமிடம் ஆகிய மூன்றும் அவருடைய உடல்நிலையை அளவுகோலாகக் கொண்டு வகுக்கப்பட வேண்டும். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அவரைப் பொருத்த முயலும்போதுதான் இடர் நேர்கின்றது.

பெரியவர்கள் பலர், “நான் வரலப்பா, நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்” என்று தாமே ஒதுங்கிக்கொள்கின்றனர். அதனை விருப்பமின்மை என்று உடனே கொள்ளலாகாது. நடையில் பின்தங்குவோமோ, இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுந்தால் பிறர் உறக்கம் கெடுமோ, தம்மால் செலவு கூடுமோ என்னும் அச்சம் அச்சொற்களுக்குப் பின்னால் இருப்பதுண்டு. வேறு சிலர் உடன் செல்லும் ஆவலில் மூச்சுத் திணறலையும் கால் வீக்கத்தையும் மறைக்கின்றனர். பயண நாளன்று நீர் பிரியும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். ஒதுங்குவதும் மறைப்பதும் சுமையாகிவிடுவோமோ என்னும் அதே அச்சத்திலிருந்து பிறப்பவை. ஆண்டு முழுவதும் பரிசோதனை, மாத்திரை, பத்தியம் என்று வாழ்பவருக்குப் பேரப்பிள்ளைகளுடன் கடற்கரையில் அமர்ந்திருக்கும் ஐந்து நாள்கள் எளிய செய்தியன்று. அதனால்தான் இக்கேள்வியை உரிய நேரத்தில் கேட்க வேண்டும் என்கின்றோம்.

திருப்பதிக்கோ கொடைக்கானலுக்கோ செல்வதற்கும் அந்தமானுக்குச் செல்வதற்கும் மருத்துவ நோக்கில் பெரிய வேறுபாடு உண்டு. அந்தமான் நிக்கோபார் கூட்டத்தில் சிறிதும் பெரிதுமாக 800க்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைத்திட்டுகளும் உள்ளன. மக்கள் வாழ்பவை அவற்றுள் மிகச் சிலவே. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட தலைநகர் போர்ட் பிளேர், சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் உள்ளது. விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை தலைநகரில் இருக்கின்றது. சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக நாடும் ஹேவ்லாக் என்னும் ஸ்வராஜ் த்வீப்பில் தொடக்கநிலைச் சிகிச்சைக்கான வசதியே உண்டு. அங்கிருந்து தலைநகரை அடையப் படகில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். இரவில் பயணப் படகுகள் ஓடுவதில்லை. சிக்கலான இதயச் சிகிச்சைக்குத் தீவு மக்களே சென்னைக்கு வருகின்றனர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகவே, இதய நோயாளி உள்ள குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “நெஞ்சுவலி வந்தால் எத்தனை மணி நேரத்தில் பெரிய மருத்துவமனையை அடைவோம்?” என்பதாகும். மாரடைப்பில் அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கும் சிகிச்சை எவ்வளவு விரைவாகக் கிடைக்கின்றதோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். எனவே இத்தகையோர் இரவுத் தங்கலைத் தலைநகரிலேயே வைத்துக்கொள்வது நன்று. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை, எதிரே உள்ள ராஸ் தீவு, கார்பின்ஸ் கோவ் கடற்கரை, சூரியன் மறையும் காட்சிக்குப் பெயர்பெற்ற சிடியா தாப்பு ஆகியவற்றை அங்கிருந்தே அவசரமின்றிக் காணலாம். நாளொன்றுக்கு நான்கு இடங்கள் என்று வகுக்கப்பட்ட பயணத் திட்டத்தில் பெரியவருக்காக இரண்டு இடங்களை நீக்கினால் எவருக்கும் இழப்பில்லை.

அடுத்து, நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தமானிலும் நம் கடிகார நேரமே நடைமுறையில் உள்ளது. ஆனால் அது கிழக்கே வெகு தொலைவில் இருப்பதால் விடியற்காலை 5 மணியளவிலேயே வெளிச்சம் வந்துவிடும்; மாலையில் விரைவில் இருட்டிவிடும். எனவே படகும் சுற்றுலா வண்டியும் அதிகாலையிலேயே புறப்படுகின்றன. வீட்டுப் பழக்கப்படி எழுந்தவுடன் இன்சுலின் போட்டுக்கொண்டு, சிற்றுண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று படகில் ஏறும் சர்க்கரை நோயாளிக்கு நடுக்கடலில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். உணவு கண்முன் வந்த பின்னரே இன்சுலின் என்பது பயண நாள்களில் மாறா விதியாக இருக்கட்டும். சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் வைத்து விமானத்தின் சரக்கறைக்கு அனுப்பாமல் கைப்பையில் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டியின்மேல் நேரடியாகப் படும்படி வைத்தலும் கூடாது.

சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குன்றியவர்கள் கடற்கரையில் வெறுங்காலுடன் நடக்கலாகாது. நண்பகல் மணல் கொப்புளம் உண்டாக்கும்; உடைந்த பவளத் துண்டு ஆழமாகக் கீறும்; இரண்டும் அவர்களுக்கு வலிப்பதில்லை. ஊர் திரும்பிய பின் காலில் சீழுடன் எங்களிடம் வருவதைக் காட்டிலும், நீரில் நனையத் தகுந்த, விரல்களை மூடிய செருப்பொன்றை முன்னரே வாங்கிக்கொள்வது மேல். ஒவ்வோர் இரவும் வீட்டார் ஒருவர் அவருடைய பாதங்களைப் பார்த்துவிட வேண்டும்.

படகுக் குமட்டலுக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் சிலவற்றை எண்ணியும் நாங்கள் கவலை கொள்கின்றோம். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவருக்கு அவை சிறுநீரை அடைத்துவிடக்கூடும். மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரக்கூடும். எந்த மாத்திரை தமக்கு ஏற்றது என்பதைப் புறப்படும் முன் கேட்டறிவது எளிது. ஸ்கூபா என்னும் ஆழ்நீர் மூழ்கலைப் பொறுத்தவரை, வலிப்பு நோய், கட்டுப்படாத ஆஸ்துமா, இதய நோய் உடையவர்களும் கருவுற்ற பெண்களும் அதனைத் தவிர்க்க வேண்டும். மூழ்குவதற்கு முன் நிரப்பித் தரும் உடல்நலப் படிவத்தில் நோயை மறைத்துக் கையொப்பமிடுவது தம் உயிரோடு விளையாடுவதாகும். நலமாக இருப்போரும் மூழ்கிய பின் ஒரு முழு நாள் கழித்தே விமானத்தில் ஏறுவது பாதுகாப்பானது.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் பயணத்தை வேறு வரிசையில் திட்டமிட வேண்டும். தலைநகரில் எந்த மையத்தில், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் இடம் கிடைக்கும் என்பது எழுத்தில் உறுதியான பின்னரே விமானச் சீட்டு எடுக்க வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோனால் இரண்டு நாள் தள்ளிப்போட இயலாத சிகிச்சை அது. எனவே இவர்கள் வெளித்தீவுகளில் இரவு தங்க வேண்டாம்.

காலத் தேர்வும் இதனோடு தொடர்புடையதே. நம் பிள்ளைகளுக்கு மே மாதம் கோடை விடுமுறை. ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் முன்னரே, மே மாதப் பிற்பகுதியில், அந்தமானை எட்டிவிடுகின்றது. அதன்பின் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இராது. அதனைத் தொடர்வது வங்கக் கடலின் புயல் காலம். நோயாளி உடன் வருவதாயின் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே ஏற்றது. பொங்கல் விடுமுறையோடு சில நாள் விடுப்பைச் சேர்த்துக்கொள்வது பலருக்கு இயலக்கூடியதே. எக்காலத்தில் சென்றாலும், தேவையானதைவிட ஒரு வாரத்திற்கு மிகுதியான மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து எடுத்துச் செல்ல வேண்டும்.

நம் நலத்தோடு அங்கு வாழ்வோர் நலத்தையும் எண்ண வேண்டிய இடம் ஒன்றுண்டு. பாரடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளுக்குச் செல்லும் சாலை, ஜாரவா பழங்குடியினரின் காப்பு வனத்தினூடே செல்கின்றது. 1858இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை நிறுவிய பின், வெளியிலிருந்து வந்த நோய்களால் பேரந்தமானியர் என்னும் பழங்குடியினர் ஏறத்தாழ அழிந்தே போயினர். ஜாரவாக்களிடையே 1999இல்கூடத் தட்டம்மை பரவியது. அவர்களைப் படம் எடுப்பதும் அவர்களுக்கு உணவு கொடுப்பதும் சட்டப்படி குற்றம். இருமலோ காய்ச்சலோ அம்மைக் கொப்புளமோ உள்ளவர் அவ்வழியே செல்லாதிருப்பது மருத்துவ அறமும் ஆகும். வாகனங்கள் அணிவகுத்து இடையில் நிற்காமல் செல்லும் சாலையாதலால், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்களுக்கும் அது துன்பமான வழியே.

“இவ்வளவு தொல்லை எதற்கு, பெரியவர் வீட்டிலேயே இருந்தால் போதாதா?” என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை நாங்கள் புறந்தள்ளவில்லை. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், படுத்தால் மூச்சுத் திணறுபவர்கள், சிறிது நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்கள், கட்டுக்கடங்காத சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உடையவர்கள் இப்போதைக்குச் செல்லக் கூடாது. ஆயினும் இவர்களுள் பலருக்கு அது “இப்போதைக்கு” என்ற அளவில்தான். இரண்டு மாத அவகாசம் இருந்தால் மருந்தை மாற்றலாம், இ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளைச் செய்து பார்க்கலாம், தடுப்பூசி போடலாம். இரண்டு நாளில் இவற்றுள் எதுவும் இயலாது. மேலும், ஊருக்குச் செல்ல வேண்டும் என்னும் ஆசை, நடைப்பயிற்சியையும் உணவுக் கட்டுப்பாட்டையும் எங்கள் அறிவுரையைக் காட்டிலும் உறுதியாகக் கடைப்பிடிக்கச் செய்வதை நாங்கள் கண்டிருக்கின்றோம்.

பெரியவர் எவ்வளவு தாங்குவார் என்பதை அறிய அருகிலேயே ஓர் ஒத்திகை செய்து பார்க்கலாம். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சென்றால் ஏரியும் கடலும் படகும் மணலும் அங்கும் உண்டு. அதிகாலையில் புறப்பட்டு மாலை வரை அவரோடு இருந்து பாருங்கள். எத்தனை அடி நடந்ததும் நிற்கின்றார், எத்தனை முறை கழிப்பறை தேடுகின்றார், வெயிலில் எவ்வளவு நீர் அருந்துகின்றார், மாத்திரை நேரம் தவறுகின்றதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பு எங்களுக்குப் பல பரிசோதனைகளுக்கு இணையாகப் பயன்படும்.

எங்கள் வேண்டுகோள் மூன்று. பயணம் பற்றிய எண்ணம் எழுந்ததும், சீட்டு எடுக்கும் முன்னரே நோயாளியுடன் வாருங்கள். அவரைப் பேச விடுங்கள். மருந்துப் பெயர்கள், அளவுகள், ஒவ்வாமை, அண்மைய பரிசோதனை முடிவுகள் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பை எங்களிடம் கேட்டு வாங்குங்கள். அதனை எழுதித் தருவது எங்கள் கடமை. திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், தீவுக்குச் சென்றதை மறவாமல் சொல்லுங்கள். மலேரியாவும் எலிக்காய்ச்சலும் அங்கு உண்டு, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இரண்டையும் குணப்படுத்தலாம்.

மருத்துவர்களாகிய நாங்களும், “வேண்டாம்” என்று சொல்லுமுன் எப்போது, எவ்வாறு செல்லலாம் என்பதைச் சிந்தித்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வரும் ஜனவரியில் புறப்பட எண்ணுவோர் நவம்பரிலேயே எங்களைச் சந்திப்பார்களாக.