வீடு மகளுக்கு, கட்டுச்சோறு மகனுக்கு!

இந்தோனேசியாவில் எந்த நகரத்துக்குப் போனாலும் ஒரு 'பாடாங்' சாப்பாட்டுக் கடை கண்ணில் படும். உட்கார்ந்தவரிடம் 'என்ன வேணும்?' என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. பரிமாறுபவர் ஒரே கையில் தோள்வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, மேசை முழுக்கப் பரப்பிவிடுவார். மாட்டிறைச்சி, மீன், முட்டை, மரவள்ளிக் கீரை, பச்சை மிளகாய் சம்பல் என்று எல்லாம் இருக்கும். எதை எடுத்துச் சாப்பிட்டோமோ, அதற்கு மட்டும்தான் காசு.

இந்தச் சமையலின் தாய்வீடு, மேற்கு சுமத்ரா மாகாணம். பாடாங் அதன் தலைநகரம். சமையலுக்குச் சொந்தக்காரர்கள் மினாங்கபாவ் மக்கள். இவர்கள் ஏன் நாடு முழுக்கக் கடை போட்டார்கள் என்று கேட்டால், பதில் அவர்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஊரில் இருக்கும் வீடும் வயலும் அக்கா தங்கைகளுக்கு உரியவை. ஆண்பிள்ளை வெளியே போய்த்தான் பிழைக்க வேண்டும்!

எருமைக் கொம்புக் கூரை

மினாங்கபாவ் மக்கள் இஸ்லாமியர்கள். அதே சமயம், உலகில் தாய்வழி முறையைப் பின்பற்றும் சமூகங்களிலேயே மிகப் பெரியது இவர்களுடையதுதான். பூர்வீகச் சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பிள்ளைகள் தாயின் குலத்தையே சேர்ந்தவர்கள். ஒருவர் தானே உழைத்துச் சம்பாதித்த சொத்துக்கு மட்டும் இஸ்லாமிய முறைப்படி பங்கு பிரிப்பார்கள்.

இவர்களின் பாரம்பரிய வீட்டுக்கு 'ருமா காடாங்' என்று பெயர். பெரிய வீடு என்று பொருள். கூரையின் இரு முனைகளும் எருமைக் கொம்பு போல வானத்தை நோக்கி வளைந்திருக்கும். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். படையெடுத்து வந்த அரசனோடு போர் வேண்டாம், எருமைச் சண்டையில் முடிவு செய்யலாம் என்று ஒப்பந்தம் ஆனது. எதிரி ஒரு பெரிய எருமையைக் கொண்டுவந்தான். இவர்களோ பசியோடு இருந்த ஒரு கன்றின் மூக்கில் கத்தியைக் கட்டி விட்டார்கள். பால் குடிக்க ஓடிய கன்று, பெரிய எருமையின் வயிற்றைக் கிழித்துவிட்டது. 'மினாங்' என்றால் வெற்றி, 'கபாவ்' என்றால் எருமை!

அந்த வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகளுக்கும் ஓர் அறை உண்டு. மகனுக்குக் கிடையாது. அந்தக் காலத்தில் விவரம் தெரியும் வயது வந்ததும் பையன்கள் 'சுராவ்' என்ற தொழுகைக் கூடத்துக்குத் தூங்கப் போய்விடுவார்கள். குர்ஆன், சிலம்பம் போன்ற 'சீலாட்' தற்காப்புக் கலை இரண்டையும் அங்கேதான் கற்றார்கள். கல்யாணமானபின் மனைவி வீட்டில் விருந்தாளி போல இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் நிலையை 'மரக்கட்டை மேல் படிந்த சாம்பல்' என்று அவர்கள் பழமொழியே கேலி செய்கிறது. காற்று அடித்தால் பறந்துவிடுமாம்!

அப்படியென்றால் பெண்களின் ராஜ்ஜியமா? முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. தாயின் சகோதரனுக்கு 'மமாக்' என்று பெயர். காதுக்கு நம் 'மாமன்' போலவே ஒலிக்கும் சொல். அக்கா, தங்கை பிள்ளைகளுக்குப் பொறுப்பாளி அவர்தான். குலத்தின் தலைவராக ஊர்ச் சபையில் உட்காருவதும் ஆண்தான். சொத்து அவளுடையது, சபையில் பேச்சு அவனுடையது. ஆனால், வீட்டின் மூத்த பெண்ணைக் கேட்காமல் அந்தப் பேச்சு செல்லாது.

நெருப்பு மலையின் மடியில்

இந்த மாகாணத்தின் குறுக்கே பூமத்திய ரேகை போகிறது. சுமத்ராவின் நீளத்துக்கும் ஓடும் புக்கிட் பாரிசான் மலைத்தொடர் இங்கே முதுகெலும்பு மாதிரி நிற்கிறது. பழைய எரிமலை வாயில் நீர் நிரம்பி உருவானது மானிஞ்சாவ் ஏரி. அதன் கரைக்கு இறங்கும் சாலையில் 44 கொண்டை ஊசி வளைவுகள்! சிங்காராக் ஏரியில் விரலளவு 'பிலி' மீன் பிடிக்கிறார்கள். காட்டுக்குள் ரஃப்லேசியா பூக்கிறது. 2020-ம் ஆண்டு மானிஞ்சாவ் பகுதியில் பூத்த ஒரு ரஃப்லேசியாவின் குறுக்களவு 111 சென்டிமீட்டர். பக்கத்தில் போனால் அழுகிய இறைச்சி நாற்றம்!

அழகுக்குப் பின்னால் ஆபத்தும் இருக்கிறது. 2023 டிசம்பர் 3 அன்று மராப்பி எரிமலை வெடித்து, மலை ஏறப் போயிருந்தவர்களில் 24 பேர் இறந்தார்கள். அடுத்த மே மாதம் பெருமழை பெய்தது. சரிவில் படிந்திருந்த சாம்பலும் பாறையும் சேறாக இறங்கி ஊர்களுக்குள் புகுந்ததில் 60-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். இருந்தும் மக்கள் மலையடிவாரத்தை விட்டுப் போகவில்லை. நெல் விளையும் வளமான மண்ணைத் தந்ததும் எரிமலைதானே!

ஒரே சட்டியில் மூன்று பதார்த்தம்

ஊரை விட்டுப் பிழைக்கப் போவதற்கு 'மெராந்தாவ்' என்று பெயர். புறப்படும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப ஏற்ற உணவு, ரெண்டாங்.

வெங்காயம், பூண்டு, இஞ்சி, அரத்தை, மிளகாய் ஆகியவற்றை அரைத்து, எலுமிச்சைப்புல், மஞ்சள் இலை சேர்த்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் இறைச்சித் துண்டுகளை வேகவிடுவார்கள். குழம்பாக இருக்கும்போது அது 'குலாய்'. சுண்டி, கெட்டியாகி, எண்ணெய் பிரியும்போது 'காலியோ'. பலரும் அங்கேயே அடுப்பை அணைத்துவிடுவார்கள். மினாங்கபாவ் அம்மாக்கள் அணைப்பதில்லை. சிறு தீயில் கிளறிக்கொண்டே இருப்பார்கள். ஈரமெல்லாம் வற்றி, தேங்காய் எண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டுக் கருகருவென ஆகும்போதுதான் அது ரெண்டாங். ஆற அமர நாலைந்து மணி நேரமாவது ஆகும். ஈரம் இல்லாததால் குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் கெடாது.

இந்தப் பண்டத்திலேயே ஊரைப் பார்க்கிறார்கள் அவர்கள். இறைச்சி குலத் தலைவர்கள். தேங்காய்ப்பால் படித்தவர்கள். மிளகாய் மார்க்க அறிஞர்கள். மசாலா மற்ற எல்லோரும். 2018-ம் ஆண்டு சுலாவேசித் தீவின் பாலு நகரை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது, மேற்கு சுமத்ரா மக்கள் ரெண்டாங் சமைத்துத்தான் அனுப்பினார்கள்.

வெளியூர் போனவர்கள் கடை மட்டும் போடவில்லை. இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் முகமது ஹத்தா, முதல் பிரதமர் சுத்தான் ஷாரிர் இருவரும் இந்த மண்ணின் பிள்ளைகள்தான். ஊரிலேயே இருந்து சாதித்த பெண்ணும் உண்டு. ரொஹானா குடுஸ் 1912-ல் பெண்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார்.

நான்கே காரணங்கள்

பூர்வீக நிலத்தை விற்கக் கூடாது என்பது மினாங்கபாவ் மரபு. அடகு வைக்கலாம். அதற்கும் நான்கே காரணங்கள்தான். வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால். வீட்டில் இறந்தவரை அடக்கம் செய்யப் பணம் இல்லாவிட்டால். குலத்துக்குத் தலைவரை நியமிக்க வேண்டியிருந்தால். பெரிய வீட்டின் கூரை ஒழுகினால்.

இன்று சிக்கல் நான்காவது காரணத்தில் இருக்கிறது. மகள்களும் இப்போது படிக்கவும் வேலைக்கும் நகரங்களுக்குப் போகிறார்கள். பல பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணம், துக்கம் என்றால்தான் கதவு திறக்கிறது. பனைநாரில் வேய்ந்த கருப்புக் கூரைகளைப் பழுது பார்க்கச் செலவு அதிகம் என்பதால், பல இடங்களில் தகரம் ஏறிவிட்டது. கூரை ஒழுகினால் நிலத்தை அடகு வைக்கலாம் என்று விதி வகுத்தவர்கள், ஒழுகுவதைப் பார்க்க வீட்டில் ஒருத்தி எப்போதும் இருப்பாள் என்று நம்பியிருந்தார்கள்.

அந்த நம்பிக்கை இன்னும் முழுக்கப் பொய்த்துவிடவில்லை. நோன்புப் பெருநாளுக்கு வெளியூர்க்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஊர் திரும்பும் வழக்கம் இருக்கிறது. 'பூலாங் பசாமோ', சேர்ந்து வீடு திரும்புதல் என்கிறார்கள். அந்த நாட்களில் பூட்டு திறக்கும், அடுப்பு எரியும், கூரைக்கும் பள்ளிவாசலுக்கும் பணம் சேரும். விடுமுறை முடிந்து வண்டி ஏறும்போது பைகளில் மறுபடியும் ரெண்டாங் இருக்கும். இப்போது அது மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் சேர்த்து!