இருட்டுக்குச் செலவில்லை



இந்த இதழில் கொலையும் துரோகமும் சற்றுத் தூக்கலாக இருக்கும். 1940, 50களில் ஹாலிவுட்காரர்கள் கையைக் கடிக்காத செலவில் எடுத்துத் தள்ளிய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களுக்குச் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

அன்றைய அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. கூட ஓடும் சின்னப் படத்துக்குப் பெரும்பாலும் கட்டு வாடகைதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே தொகை என்பதால் முதலாளிகள் செலவில் கறாராக இருந்தார்கள். கதையில் அதிகம் மூக்கை நுழைக்கவில்லை.

எட்கர் உல்மரின் 'டீடூர்' (1945) படத்தைப் பாருங்கள். நியூயார்க் தெருவில் காதலர்கள் நடக்கிறார்கள். தெரு எங்கே? ஒரு விளக்குக் கம்பம், ஒரு பெயர்ப்பலகை, மீதியெல்லாம் மூடுபனி. செட் போடக் காசில்லாத குறையைப் பனி மூடிவிட்டது. அந்தக் காதலுக்கு வழி தெரியவில்லை என்பதையும் அதுவே சொல்லிவிட்டது. சில ஷாட்களில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருப்பதால், அமெரிக்கக் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். நம் ஊர் ஸ்டீயரிங்கிற்குப் பழகிய கண்ணுக்கு அது உறைக்கவே உறைக்காது!

ஜோசப் லூயிஸின் 'கன் கிரேஸி' (1950) இன்னொரு ரகம். வங்கிக் கொள்ளைக் காட்சி. ஆனால் வங்கிக்குள் நாம் போவதே இல்லை. கேமரா காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டது. கொள்ளையடிக்கப் போகிற ஜோடி, வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்று கவலைப்படுகிறது. அவன் உள்ளே போகிறான். வெளியே வந்து நிற்கும் போலீஸ்காரரிடம் அவள் பேச்சுக் கொடுக்கிறாள். மூன்று நிமிடத்துக்கு மேல், வெட்டே இல்லாத ஒரே ஷாட். வங்கி செட்டும் மிச்சம், துணை நடிகர் கூலியும் மிச்சம். நமக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது.

இந்தப் படங்களின் ஆட்கள் வாடகைக்கும் பெட்ரோலுக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள். பணமில்லாதவர்களின் கதையைப் பணமில்லாமலே எடுத்ததால் அதில் பூச்சு ஒட்டவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இவை நம்மை இழுப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் துணைப் படமாகத் தள்ளப்பட்ட 'டீடூர்', 1992-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறியது.

படம் 70 நிமிடம்கூட இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தால் தூங்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆன் சாவேஜ் நடித்த வீராவைப் போல வாய்த்துடுக்கான பெண் பாத்திரத்தைத் தமிழ்ப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் கடிதப் பகுதிக்குக் கூடுதலாக ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்