வீடியோ காலில் கைது கிடையாது

காக்கிச் சட்டை, பின்னால் சிங்கமுகச் சின்னம், அதட்டும் குரல்: "உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது. போனை வைக்கக் கூடாது. வீட்டில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது." 'டிஜிட்டல் கைது' மோசடி இப்படித்தான் தொடங்குகிறது. மெத்தப் படித்தவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும்கூட இதில் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று ஏளனம் செய்வது அநியாயம். அந்த ஏளனத்துக்குப் பயந்தே பலர் புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். மோசடிக்காரர்களின் மூலதனம் நம் பயமும் தனிமையும்தான். வீடியோ காலில் கைது செய்ய நம் நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை. 'சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்' என்று எந்தக் காவல் அதிகாரியும் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லமாட்டார். 'யாரிடமும் சொல்லாதே' என்ற வார்த்தை வந்ததுமே இணைப்பைத் துண்டியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் அதை முடக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெரியவர்களின் போனில் இந்த எண்ணை இன்றே பதிந்து கொடுங்கள்.